வாசலில் கல் பதிக்கும் முன்

கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் இருக்கிறது. அதன் கிழக்கே சித்தூர் தாலுகா. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பகுதி அது. கொழிஞ்சாம்பாறை பக்கம் போனால் வீட்டுக்கு வீடு தமிழ்ப் பேச்சு கேட்கும்.

அங்கே மண்ணும் வேறு மாதிரி. கேரளத்தில் மற்ற இடங்களில் செம்மண்ணும் செம்பாறையும் அதிகம். சித்தூர்ப் பக்கம் கரிசல் மண். கருப்பாக இருக்கும். மழை பெய்தால் செருப்பில் ஒட்டிக்கொண்டு விடாது.

இந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் சரஸ்வதி குடியிருக்கிறாள். கணவன் பழனிச்சாமி ஆட்டோ ஓட்டுகிறான். வீட்டில் வயதான மாமியார் இருக்கிறார். தெருவிலிருந்து வீட்டுப் படி வரை 30 அடி நீளம், 10 அடி அகலம் காலி இடம். ஆட்டோ அங்கேதான் நிற்கும். மழைக்காலத்தில் சக்கரம் சேற்றில் புதைந்துவிடும். காலைச் சவாரிக்குப் போக நாலு பேர் வந்து தள்ள வேண்டும்.

ஒரு கோடையில் அந்த இடத்தில் சிமெண்டுக் கல் பதித்தார்கள். ஒன்றோடொன்று பொருந்தும் கல். இன்டர்லாக் கல் என்று சொல்கிறோமே, அதுதான். அயல்கூட்டத்தில் 24,000 ரூபாய் கடன் வாங்கினாள் சரஸ்வதி. ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்தார். இரண்டே நாளில் வேலையை முடித்தார். வாசல் பளிச்சென்று இருந்தது. பக்கத்து வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஜூன் மாதம் மழை பிடித்தது. பத்து நாள் கூட ஆகவில்லை. சக்கரம் போகும் இடத்தில் இரண்டு பள்ளம் விழுந்தது. நடுவில் கல் மேடாக எழும்பியது. தண்ணீர் தெருவுக்குப் போகவில்லை. வீட்டுப் படிக்கு வந்தது. ஒரு நாள் விடியற்காலையில் மாமியார் பால் வாங்க இறங்கினார். சாய்ந்து கிடந்த கல்லில் கால் வைத்தார். வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

வாசல் கெட்டுப்போனது. கடன் தவணை மட்டும் மாதா மாதம் வந்தது.

அந்த வருடம்தான் சரஸ்வதி மாலை வகுப்பில் சேர்ந்திருந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினாள். ஒரு நாள் தகரப் பெட்டியில் பழைய ரசீது கிடைத்தது. கல் பதித்தவர் எழுதிக் கொடுத்த ரசீது. அப்போது படிக்கத் தெரியாது. கைநாட்டு வைத்துப் பணம் கொடுத்திருந்தாள். இப்போது படித்தாள்.

"கல், 300 சதுர அடி. மணல். ஜல்லி 6 அங்குலம்."

சரஸ்வதி கடப்பாரையை எடுத்தாள். ஓரத்தில் ஒரு கல்லை நெம்பி எடுத்தாள். கீழே 2 அங்குலம் மணல். அதற்குக் கீழே கருப்பு மண். அந்த மண்ணில் பழைய அருகம்புல் வேர் அப்படியே இருந்தது. பாதி அழுகியிருந்தது. ஒரு துண்டு ஜல்லி கூட இல்லை.

அந்த ரசீதைப் பிறகு அவள் தொலைக்கவே இல்லை. மடித்துப் பெட்டியிலேயே வைத்திருக்கிறாள்.

மண் செய்யும் வேலை

அடுத்த தெருவில் ராமசாமி மேஸ்திரி இருந்தார். நாற்பது வருடம் கொத்து வேலை பார்த்தவர். சரஸ்வதி அவரைக் கூட்டி வந்து காட்டினாள்.

"ஏனுங் மேஸ்திரி, கல்லு மட்டமான கல்லுங்களா?"

மேஸ்திரி ஒரு கல்லை எடுத்து இன்னொரு கல்லோடு தட்டிப் பார்த்தார். கணீர் என்று சத்தம் வந்தது.

"கல்லு நல்ல கல்லுதான் அம்மிணி. கல்லு என்ன பண்ணும்? மண்ணு போற வழியில அதுவும் போகுது."

கரிசல் மண் தண்ணீர் குடித்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கும். கோடையில் வயலில் வெடிப்பு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். சில வெடிப்பில் கை நுழையும். மழை வந்ததும் அதே வெடிப்பு மூடிக்கொள்ளும். வருடா வருடம் இது நடக்கும். அதன் மேல் எதை வைத்தாலும் மேலும் கீழும் ஆடும். வீட்டுச் சுவர் கூட விரிசல் விடும்.

புல்லும் வேரும் இன்னொரு கேடு. மேல் மண்ணில் வேர், இலை, சாணி எல்லாம் கலந்திருக்கும். பயிருக்கு அது நல்லது. கல்லுக்கு அடியில் ஆகாது. வேர் அழுகினால் அந்த இடம் வெற்றிடம் ஆகும். மேலே உள்ள மண் அதில் இறங்கும்.

"அப்போ என்னதான் பண்றதுங்க?"

"தோண்டணும். கெட்ட மண்ணை எடுத்துட்டு நல்ல மண்ணைப் போடணும். தண்ணி உள்ள போகாமப் பார்த்துக்கணும். கல்லு பதிக்கிறது கடைசி ஒரு நாள் வேலை. அதுக்கு முன்னால நாலு நாள் வேலை இருக்கு."

பழனிச்சாமிக்கு இது பிடிக்கவில்லை. அத்தனை நாள் ஆட்டோவை எங்கே நிறுத்துவது? மறுபடியும் எவ்வளவு செலவு? கணக்குப் பார்த்தார்கள். பழைய கல்லையே கழுவிப் போடலாம். சரளை, ஜல்லி, மணல், கூலி, எந்திர வாடகை எல்லாம் சேர்த்து 17,000 ரூபாய் வந்தது. சரஸ்வதி கம்மலை அடகு வைத்தாள்.

எத்தனை அங்குலம் தோண்டுவது?

மேஸ்திரி சுவரில் கரிக்கட்டியால் எழுதினார். சரஸ்வதி கூட்டினாள்.

கல் 2½ அங்குலம். அதன் கீழே மணல் 1½ அங்குலம். அதன் கீழே ஜல்லி 6 அங்குலம். அதன் கீழே சரளை மண் 6 அங்குலம். மொத்தம் 16 அங்குலம். அதாவது 1 அடி 4 அங்குலம்.

ஆள் நடக்க மட்டும் என்றால் இத்தனை வேண்டாம். நல்ல கெட்டியான செம்மண் தரை என்றால் சரளையும் வேண்டாம். இங்கே மண் கரிசல். மேலே வண்டி வேறு நிற்கிறது.

ஏப்ரல் மாதம் வேலை தொடங்கியது. மண் காய்ந்திருக்கும் நேரம். முளை அடித்துக் கயிறு கட்டினார்கள். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. மூலையிலிருந்து ஒரு கயிற்றில் 3 அடி அளந்து குறி வைக்க வேண்டும். மற்றக் கயிற்றில் 4 அடி அளந்து குறி வைக்க வேண்டும். இரண்டு குறிக்கும் குறுக்கே அளந்தால் சரியாக 5 அடி வர வேண்டும். வந்தால் மூலை மட்டம்.

அடுத்தது வாட்டம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும்? எல்லோரும் தெருப் பக்கம் என்றுதான் சொல்வார்கள். தெரு தாழ்வாக இருந்தால் அது சரி. ஆனால் பல ஊரில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ரோடு உயர்கிறது. வீடு பள்ளமாகிறது. சரஸ்வதி வீட்டுத் தெருவும் அப்படித்தான்.

மேஸ்திரி கண்ணாடி டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தார். தெருவும் வாசலும் ஒரே உயரம். அதனால் பக்கவாட்டில் வாட்டம் வைத்தார். 4 அடிக்கு 1 அங்குலம் இறக்கம். அகலம் 10 அடி. ஆகவே ஒரு ஓரத்தை விட மறு ஓரம் 2½ அங்குலம் தாழ்வு. தாழ்ந்த ஓரத்தில் சின்ன வாய்க்கால். அது பின்பக்கத் தோட்டத்துக்குப் போகும். கல்லின் மேல்மட்டம் வீட்டுத் தரையை விட அரை அடி கீழே இருக்கும்படியும் பார்த்துக்கொண்டார். இல்லாவிட்டால் சுவர் ஈரம் குடிக்கும்.

தோண்டும்போது கடப்பாரை ஒரு குழாயில் பட்டது. குடிதண்ணீர்க் குழாய். ஒரு அடி ஆழத்தில் கிடந்தது. கடப்பாரை பட்டு உடையவில்லை. ஏற்கெனவே இணைப்பில் கசிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் மண் களியாக இருந்தது. எத்தனை மாதமாகக் கசிந்ததோ! கோடையிலும் அந்த இடம் உப்பியதற்குக் காரணம் அதுதான். குழாயை மாற்றி, இன்னும் ஆழமாக இறக்கி, பெரிய குழாய் ஒன்றுக்குள் நுழைத்துப் போட்டார்கள். தரைக்கு அடியில் என்ன போகிறது என்பதைக் கல் பதிக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். பிறகு பார்க்க வேண்டுமானால் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும்.

வெட்டிய கருப்பு மண்ணை வீணாக்கவில்லை. தோட்டத்துத் தென்னைக்குப் போட்டாள் சரஸ்வதி.

கரிசல் மண்ணில் சுண்ணாம்பு கலந்து கெட்டிப்படுத்தும் வழியும் உண்டு. அது அளவு தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். மேஸ்திரி அதைத் தொடவில்லை.

இறுக்கம்

குழியின் அடித்தரையை முதலில் திமிசு போட்டு இறுக்கினார்கள். பிறகு சரளை வந்தது. குழி ஓரத்தில் குவித்தார்கள். பழனிச்சாமி மண்வெட்டியை எடுத்தான்.

"எல்லாத்தையும் ஒரே தடவையாக் கொட்டி இடிச்சா ஆகாதுங்களா மேஸ்திரி? மூணு நாளா சவாரி போச்சு."

"ஆகாதுப்பா. மேல மட்டும் இறுகும். அடி பொலபொலன்னு இருக்கும். உன் ஆட்டோ ஒரு மாசம் நின்னா தானா இறங்கும். அப்ப மறுபடியும் என்னைக் கூப்பிடுவே."

3 அங்குலம் பரப்பினார்கள். இறுக்கினார்கள். அதன் மேல் இன்னொரு 3 அங்குலம். இதற்கு ஒரு எந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது. தட்டு மாதிரி அடிப்பாகம் அதிர்ந்து அதிர்ந்து தரையை இறுக்கும். காம்பாக்டர் என்பார்கள். மூலையிலும் சுவர் ஓரத்திலும் மட்டும் கைத் திமிசு வேண்டும்.

மண் காய்ந்திருந்தால் இறுகாது. சேறாக இருந்தாலும் இறுகாது. ஈரம் சரியா என்று எப்படித் தெரியும்? மேஸ்திரி ஒரு பிடி சரளையைக் கையில் அழுத்திப் பிடித்தார். உருண்டையாக நின்றது. கீழே போட்டார். நாலைந்து துண்டாக உடைந்தது. அது சரியான பதம். தூளாகப் போனால் தண்ணீர் தெளிக்க வேண்டும். உள்ளங்கை நனைந்தால் ஒரு வேளை காய விட வேண்டும். கொழுக்கட்டை மாவு பிசையத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பதம் சீக்கிரம் பிடிபடும். சரஸ்வதிக்கும் பிடிபட்டது. மறுநாள் அவளே பார்த்துச் சொன்னாள்.

ஒன்றரை யூனிட்

ஜல்லி எவ்வளவு வேண்டும்? 30 அடி நீளம், 10 அடி அகலம். பெருக்கினால் 300 சதுர அடி. 6 அங்குலம் என்பது அரை அடி. 300-இல் பாதி 150 கன அடி. ஆனால் இடித்தால் ஜல்லி அமுங்கும். அதற்காகக் கால் பங்கு சேர்க்க வேண்டும். ஏறக்குறைய 190 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட். ஆகவே 2 யூனிட் சொன்னார்கள். பெருஞ்ஜல்லி, சிறு ஜல்லி, கிரஷர் தூசி மூன்றும் கலந்த ஜல்லி. தூசி சந்தில் போய் அடைத்தால்தான் கல் ஆடாமல் நிற்கும்.

லாரி வந்தது. ஓட்டுநர் பில்லை நீட்டினார். "2 யூனிட்" என்று எழுதியிருந்தது. கொட்டுவதற்கு முன் சரஸ்வதி டேப்பை எடுத்தாள்.

"கொஞ்சம் இருங்க தம்பி. அளந்துக்கறேன்."

லாரித் தொட்டியின் நீளம் 10 அடி. அகலம் 6 அடி. ஜல்லியின் உயரம் 2½ அடி. நோட்டில் பெருக்கினாள். 150 கன அடி வந்தது.

"இது ஒன்றரை யூனிட்தானுங்களே?"

"வழியில குலுங்கி அமுங்கிடுச்சுங்க்கா."

"குலுங்கினா அரை யூனிட் போகுமா தம்பி?"

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். போன் பேசினார். சாயங்காலம் இன்னொரு 50 கன அடி வந்தது. சரஸ்வதி அதையும் அளந்தாள். பிறகுதான் பில்லில் கையெழுத்துப் போட்டாள். முழுப் பெயரும் எழுதினாள்.

ஜல்லியையும் இரண்டு தடவையாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, இறுக்கினார்கள். பழனிச்சாமி ஆட்டோவில் நாலு மூட்டை சிமெண்டு ஏற்றி அதன் மேல் ஓட்டிப் பார்த்தான். சக்கரத் தடம் பதியவில்லை.

ஓரங்களில் கான்கிரீட் திண்டு கட்டினார்கள். திண்டு இல்லாவிட்டால் கல் வெளிப்பக்கம் நகர்ந்து சந்து விழும். பிறகு மணல், எங்கும் ஒரே கனமாக. ஜல்லியில் பள்ளம் இருந்தால் அதை மணலால் நிரப்பக் கூடாது. ஜல்லியால்தான் நிரப்ப வேண்டும். முதல் ஒப்பந்தக்காரர் செய்தது மணலால் மூடும் வேலை.

கடைசி நாள் கல் பதித்தார்கள். பழைய கல்லில் பதினொன்று மட்டும் உடைந்திருந்தது. சந்துகளில் காய்ந்த மணலைக் கூட்டித் தள்ளினார்கள். எந்திரத்தை ஒரு தடவை மேலே ஓட்டினார்கள்.

ஜூன் மழை வந்தது. தண்ணீர் பக்க வாய்க்காலில் இறங்கித் தோட்டத்துக்குப் போனது. படி நனையவில்லை. ஒரு இடத்தில் மட்டும் கல் அரை அங்குலம் இறங்கியது. குழாய் புதைத்த பள்ளத்தைச் சரியாக இடிக்கவில்லை. மேஸ்திரி அதை ஒத்துக்கொண்டார். பன்னிரண்டு கல்லை எடுத்து, அடியில் ஜல்லி போட்டு இடித்து, அன்றைக்கே மறுபடி பதித்தார். கூலி வாங்கவில்லை.

மாமியார் இப்போது காலையில் தானே பால் வாங்கி வருகிறார். கை பழையபடி முழுதாக மடங்குவதில்லை. தூக்குப் பாத்திரத்தை இடது கையில் பிடித்துக்கொள்கிறார்.

நீங்களும் கணக்குப் போடுங்கள்

ஒரு வாசல் 20 அடி நீளம், 8 அடி அகலம். அதற்கு 6 அங்குலம் ஜல்லி போட வேண்டும். எத்தனை கன அடி? இறுக்கத்துக்குக் கால் பங்கு சேர்த்தால் எத்தனை யூனிட்? அந்த வாசலில் 8 அடி அகலத்துக்குப் பக்கவாட்டு வாட்டம் எத்தனை அங்குலம்?