கிளைம் ரிஜெக்ட் ஆயிடுச்சா? அந்தக் கடிதத்தை முதல்ல முழுசா படிங்க!

"வருஷா வருஷம் தவறாம பிரீமியம் கட்டினோம் சார். இப்போ ஆபரேஷன் முடிஞ்சு பில்லை அனுப்பினா, கிளைம் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க."

சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு போன்ற நாள்பட்ட நோய் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பலர் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் மறுப்புக் கடிதம் இறுதித் தீர்ப்பு அல்ல. கட்டணம் இல்லாமல், வக்கீல் இல்லாமல், கையில் இருக்கும் போனிலேயே அதை எதிர்த்து முறையிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

ஒரு உதாரணம்

தையல் கடை நடத்தும் ஒரு பெண் 2021 ஜூனில் மருத்துவக் காப்பீடு எடுக்கிறார். 2022 செப்டம்பரில் அவருக்குச் சர்க்கரை நோய் கண்டறியப்படுகிறது. 2025 மார்ச்சில் கால் புண்ணுக்கு அறுவை சிகிச்சை, பில் ரூ.1,80,000.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது டாக்டர், "எத்தனை வருஷமா சுகர்?" என்று கேட்கிறார். பதற்றத்தில் மகன், "ஒரு பத்து வருஷம் இருக்கும் சார்" என்கிறார். அது அப்படியே டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறிவிடுகிறது. அதைப் படித்த கம்பெனி, ‘பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோயை மறைத்துவிட்டீர்கள்’ என்று கிளைமை மறுக்கிறது.

ஒரு வார்த்தையால் வந்த சிக்கல் இது. இதை உடைக்கக் கோபம் உதவாது, தேதிகள்தான் உதவும்.

முதலில் காரணம், பிறகு ஆதாரம்

பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுத்தார்கள் என்பதைக் கம்பெனி குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். கடிதத்தில் அது இல்லையென்றால் இமெயிலில் கேட்டு வாங்குங்க. அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் தயார் பண்ணுங்க. குடும்பக் கஷ்டத்தை நாலு பக்கம் எழுதினால், முக்கியமான விஷயம் அதில் மறைந்துவிடும்.

நம் உதாரணத்துக்குத் தேவையானவை:

• நோயை முதன்முதலில் காட்டிய ரத்தப் பரிசோதனை அறிக்கை, முதல் மருந்துச் சீட்டு
• பாலிசி எடுத்தபோது நிரப்பிய விண்ணப்பத்தின் நகல்
• "10 ஆண்டுகள் என்பது உடனிருந்தவர் தோராயமாகச் சொன்னது" என்று சிகிச்சை அளித்த மருத்துவர் தரும் விளக்கக் கடிதம்
• ஆஸ்பத்திரி கேஸ் ஷீட் நகல். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி.

நோயை மறைத்ததாகச் சொல்வது கம்பெனி என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் கம்பெனிக்கே. நீங்கள் முன்பே தெரிவித்த நோயாக இருந்தால் உங்கள் நிலை இன்னும் வலுவானது. நோயைத் தெரிந்துகொண்டே பாலிசி கொடுத்துவிட்டு, பிறகு அதையே காட்டிக் கிளைமை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

மூன்று படிகள்

1. கம்பெனியின் குறைதீர் அலுவலர்: ஏஜென்டிடம் போனில் பேசுவது புகார் ஆகாது. இமெயிலில் எழுதுங்க:

"எனது பாலிசி தொடங்கியது 2021 ஜூன். சர்க்கரை நோய் முதலில் கண்டறியப்பட்டது 2022 செப்டம்பர் (இணைப்பு 1). சேர்க்கைக் குறிப்பில் உள்ள ‘10 ஆண்டுகள்’ தவறு என்பதற்கு மருத்துவரின் கடிதம் இணைப்பு 2. எனவே மறுப்பை மறுபரிசீலனை செய்து ரூ.1,80,000 வழங்கக் கோருகிறேன்."

14 நாட்களில் தீர்வு தர வேண்டும். ‘பீமா பரோசா’ இணையதளத்திலோ, 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதிந்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்க.

2. இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன்: கம்பெனி மறுபடியும் மறுத்தாலோ, ஒரு மாதம் வரை பதிலே இல்லை என்றாலோ இங்கே போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், வீடியோ மூலமும் விசாரணை நடக்கும். ரூ.50 லட்சம் வரை இழப்பீடு உத்தரவிடலாம். உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். 30 நாட்களில் நிறைவேற்ற வேண்டும். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் விண்ணப்பிக்க மறக்காதீங்க.

3. மாவட்ட நுகர்வோர் ஆணையம்: ஓம்பட்ஸ்மேன் முடிவில் திருப்தி இல்லையா? இங்கே வழக்குப் போடலாம். கால வரம்பு 2 ஆண்டுகள். செலுத்திய பிரீமியம் ரூ.5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் மனு கொடுக்கலாம், வழிகாட்டுதலுக்கு 1915. ஒரே விஷயத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது ஓம்பட்ஸ்மேனிடம் போக முடியாது. எனவே வரிசை முக்கியம்.

இவற்றையும் தெரிஞ்சுக்கோங்க

• கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால் கிளைமே போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. பணம் கட்டிவிட்டு, பில்களை அனுப்பித் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம்.
• முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மேல் இருக்கக் கூடாது.
• 60 மாதங்கள் இடைவெளி இல்லாமல் பாலிசி தொடர்ந்திருந்தால், நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி மறுக்க முடியாது. மோசடி நிரூபிக்கப்பட்டால் மட்டும் விதிவிலக்கு. அதனால் ரின்யூவல் தேதியை ஒருபோதும் விடாதீங்க.
• உண்மை இல்லாததை எழுதித் தரும்படி டாக்டரைக் கேட்காதீங்க. மொத்த வழக்கும் அங்கேயே விழுந்துவிடும்.

கடைசியாக ஒன்று. இன்றைக்கே உங்கள் நோயின் முதல் பரிசோதனை அறிக்கையைத் தேடிப் போட்டோ எடுத்து போனில் சேமியுங்க. வீட்டில் எல்லாருக்கும் அந்தத் தேதி தெரிந்திருக்கட்டும். ஆஸ்பத்திரியில் யார் கேட்டாலும் "பத்து வருஷம் இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொல்லாமல், அந்தத் தேதியைச் சொல்லட்டும்.