கல் கழலுமுன்

எங்கள் மூத்தம்மாவின் பதக்கத்தில் ஒரு குழி இன்றும் வெறுமையாக இருக்கிறது. கல்யாண வீடொன்றுக்கு இரவலாகப் போய்த் திரும்பியபோது அதிலிருந்த சிவப்புக்கல்லைக் காணவில்லை. வாங்கியவர்கள் கவனிக்கவில்லை என்று நாங்கள் சொன்னோம். எடுக்கும்போதே கல் ஆடியது என்று அவர்கள் சொன்னார்கள். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. பிறகு நகை வேலை செய்பவர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, கல்லைக் கவ்வியிருந்த பொன் நகங்கள் பல வருடங்களாகத் தேய்ந்து தாள் போலாகிவிட்டன என்றார். குறை எங்கள் பக்கமே!

1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, இங்குள்ள பெண்கள் பல நிறக் கற்களைக் கழுத்திலும் கைகால்களிலும் அணிந்ததை எழுதியிருக்கிறார். இரத்தினபுரியில் அகழ்ந்தெடுக்கும் நீலமும் கெம்பும் மோஸ் கடின அளவையில் 9, வைரம் 10. தங்கம் ஏறக்குறைய 3தான். நம் கடற்கரை மணலிலுள்ள படிகத் துகள்களோ 7. ஆகவே கல் அப்படியே இருக்க, அதைப் பிடித்திருக்கும் பொன் தேய்கிறது.

சோதிப்பது எளிது. அமைதியான இடத்தில் நகையைக் காதருகே பிடித்து விரலால் மெல்லத் தட்டுங்கள். கலகலத்தால் கல் ஆடுகிறது. பல்லுக்குத்தும் குச்சியால் ஒவ்வொரு கல்லின் ஓரத்தையும் தொட்டுப் பாருங்கள். ஊசி வேண்டாம், கீறிவிடும். மோதிரம் பர்தாவில் மாட்டி நூலை இழுத்தால் நகம் நிமிர்ந்திருக்கிறது. அதைப் பல்லால் கடித்து மடிக்கும் தங்கையரை நான் அறிவேன்! அடிக்கடி வளைந்த பொன் முறிந்துவிடும்.

ஒரு ஏமாற்றும் உண்டு. மாக்குழைத்த கையின் மாவும் சவர்க்காரமும் குழியில் இறுகி, கழன்ற கல்லையும் பிடித்து வைத்திருக்கும். எனவே முதலில் கழுவி, உலர்ந்தபின் சோதிக்க வேண்டும். குழாயடியில் அல்ல, கோப்பைக்குள் இளஞ்சூட்டு நீரில் மென்மையான தூரிகையால் கழுவுங்கள். முத்துக்கும் மரகதத்துக்கும் சுடுநீர் ஆகாது. பின்புறம் மூடிய பழைய அட்டியல்களை நனைக்கவே கூடாது. உள்ளே அரக்கிருந்தால் சூட்டில் இளகும், கல்லுக்கடியிலுள்ள தகடும் கறுக்கும்.

ஆடும் கல்லைக் கண்டால் அன்றே நகையைக் கழற்றிச் சிறு பைக்குள் கட்டி வையுங்கள். திருத்தக் கொடுக்குமுன் நிறையையும் கற்களின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போதும் நாங்கள் நகை இரவல் கொடுக்கிறோம். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இரு வீட்டாரும் சேர்ந்திருந்து கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறோம். முதல் தடவை கூச்சமாகத்தான் இருந்தது.