துக்க வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

2014 ஜூன் 28-ல் நம் ஐயப்பன்தாங்கலுக்குப் பக்கத்து மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். வேலைக்குப் போனவர் திரும்பாத வீட்டில் மனசு என்ன பாடுபடும்!

விபத்து, கொலை என்று திடீரென உயிர் போனால் தூக்கம் வராது. சின்னச் சத்தத்துக்கும் உடம்பு பதறும். "நான்தானே போகச் சொன்னேன்" என்று மனசு அரிக்கும். இது பைத்தியமல்ல, மனக்காயம்.

நம் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் "மறந்துடு", "எல்லாம் விதி" என்று சொல்லாதீங்க. எப்படி நடந்தது என்று துருவாதீங்க. பக்கத்தில் உட்காருங்க. பிள்ளைகளுக்குச் சோறு போடுங்க. கடன் தவணைக்கு அவகாசம் தருவது பற்றிக் குழுக் கூட்டத்தில் பேசுவோம்.

ஒரு மாசம் தாண்டியும் தேறவில்லை என்றால் 14416-க்குப் போன் செய்யுங்க. இது அரசின் டெலி மானஸ் சேவை. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். "நானும் போயிடுறேன்" என்றால் தனியா விடாதீங்க, உடனே கூப்பிடுங்க.