சில்லறைச் சேமிப்பு

கடைக்குச் சென்று திரும்பும் பொழுது சட்டைப் பையின் மூலையில் தங்கிவிடும் ஐந்து, பத்து ரூபாய் நாணயங்களை அற்பமென்று கருதி, மறுநாள் தேநீருக்கும் அதற்கடுத்த நாள் வெற்றிலைக்கும் விரயம் செய்துவிடாமல், இரவு படுக்கைக்குச் செல்லுமுன் மண் உண்டியலிலே போட்டுவிடும் வழக்கத்தைக் குடும்பத்தார் அனைவரும் கைக்கொள்வது உத்தமம். தகர டப்பாவைவிட மண் உண்டியலே சிலாக்கியம். உடைத்தாலன்றி எடுக்க இயலாதென்பதே அதன் பிரதான குணம்.

ஆயினும் உண்டியலில் உறங்கும் பணத்துக்கு வட்டி கிடையாது. நாளொன்றுக்குப் பத்து ரூபாய் வீதம் மாதத்தில் சேரும் 300 ரூபாயைத் தபால் நிலையத்தின் ஐந்தாண்டுத் தொடர் வைப்புக் கணக்கிலே (மாதம் 100 ரூபாய் முதற்கொண்டே அங்கு ஏற்றுக்கொள்கிறார்கள்) தவறாமல் கட்டிவந்தால், 60 மாதங்களில் அசல் மட்டுமே 18,000 ரூபாயாகி, மூன்று மாதத்துக்கொரு முறை அசலோடு சேரும் வட்டியும் அதன்மீது கிடைக்கும். தவணை தப்பினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம் உண்டு. ஓராண்டு ஒழுங்காகக் கட்டியவர்கள், அவசர காலத்தில் கணக்கை முறிக்காமலே இருப்பில் பாதி வரை கடனாகப் பெறலாமென்பது பலரும் கவனிக்காத சௌகரியம்.

மளிகைக்குப் போகுமுன் ஜாபிதா எழுதிக்கொள்ளுங்கள், பசியோடு போகாதீர்கள். மீதிச் சில்லறைக்குப் பதிலாக மிட்டாயை நீட்டும் கடைக்காரரிடம் கூச்சமின்றிக் காசையே கேட்டு வாங்குங்கள். பத்து ரூபாய் நாணயம் செல்லாதென்று சிலர் சொல்லக்கூடும். அது வெறும் வதந்தி, நாணயம் தாராளமாய்ச் செல்லும்.