எரேமியாவின் கடிதத்தை முழுதாகப் படியுங்கள்

கேள்வி: ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த என் கணவரை ஆட்குறைப்பில் நிறுத்திவிட்டார்கள். வாடகை பாக்கி, பள்ளிக் கட்டணம் எல்லாம் நெருக்குகின்றன. 'இதிலும் தேவனுக்கு ஒரு நோக்கம் உண்டு' என்கிறார்கள். எப்படி நம்புவது?
– ஒரு வாசகி, குன்றத்தூர்

பதில்: சகோதரி, வேலை போனதே தேவ சித்தம் என்று நான் சொல்லமாட்டேன். 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றபோது ஆயிரக்கணக்கானோர் தவித்தார்கள். அது அவர்களுடைய விசுவாசக் குறைவால் வந்ததல்ல. வரி வழக்கும் வியாபாரக் கணக்கும் செய்த வேலை.

தேவன் நம்மேல் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று காலண்டர்களில் அச்சடிக்கிற எரேமியா 29:11 உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு முந்தைய வசனங்களையும் வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. மீட்புக்கு 70 ஆண்டு ஆகும் என்கிறது 10-ஆம் வசனம். அதுவரை? வீடு கட்டி, தோட்டம் போட்டு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து, இருக்கிற ஊருக்காக ஜெபிக்கச் சொல்கிறார் தீர்க்கதரிசி. தேவ நோக்கம் புரியும்வரை கைகட்டிக் காத்திருக்கச் சொல்லவில்லை.

ஆகவே, மனம்விட்டு அழுது ஜெபியுங்கள், தாவீதும் அழுதவர்தான். கூடவே சம்பள பாக்கி, பி.எஃப். விவரம், அனுபவச் சான்றிதழ் மூன்றையும் இந்த வாரமே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வாடகைக் கஷ்டத்தைப் போதகரிடம் மறைக்காதீர்கள். இப்படிப்பட்ட நாளில் கைகொடுக்கத்தான் சபை இருக்கிறது.