ஓட்டமும் சுக்கானும்

கடலே இல்லாத பெங்களூரில் கப்பல் கணக்கு எதற்கு என்று நண்பர்கள் நகைப்பர். அல்சூர் ஏரியில் படகின் முனையை எதிர்க்கரைக்கு நேரே வைத்தால் போதும், ஏரிக்கு ஓட்டமில்லை. வங்கக் கடல் அப்படியன்று. நவம்பரில் சென்னைக் கரையோரம் நீர் தெற்கே ஓடும். மார்ச்சில் வடக்கே ஓடும்.

சென்னையிலிருந்து நேர்கிழக்கே, 10 நாட் வேகத்தில் ஒரு கப்பல் செல்லவேண்டும். ஓட்டம் தெற்கே 1 நாட் என்று கொள்வோம். போகவேண்டிய வழியைக் கிழக்கே கோடாக வரைக. புறப்படும் புள்ளியிலிருந்து தெற்கே 1 செ.மீ. கோடு, ஓட்டம். அதன் நுனியில் கவராயத்தை ஊன்றி, 10 செ.மீ. ஆரத்தால் கிழக்குக் கோட்டை வெட்டுக. நுனியிலிருந்து வெட்டுமிடம் நோக்கும் திசையே சுக்கான் திசை. ஏறத்தாழ 84 பாகை; அதாவது, கிழக்குக்கு 6 பாகை வடக்கே.

முதன்முறை நான் கப்பலைத் தெற்கே திருப்பினேன்! வாடை வடக்கிலிருந்து வருவதன்றோ? 'தெற்கு நீரோட்டம்' என்பதையும் தெற்கிலிருந்து வருவதாக எண்ணிவிட்டேன். காற்றுக்குப் பெயர் வரும் திசையால். ஓட்டத்துக்கோ போகும் திசையால். திருத்தாமலே விட்டிருந்தால் 5 மணி நேரத்தில் கப்பல் 5 கடல் மைல் விலகியிருக்கும். என் திருத்தம் 10 கடல் மைல் விலக்கியது. தாளில் பாறை இல்லை, பிழைத்தேன். விமானத்துக்குக் காற்றுத் திருத்தமும் இதே முக்கோணந்தான். பெயரை மட்டும் தலைகீழாக வாசிக்கவேண்டும்.