மனை யாருக்கு?

கேள்வி: ரமணாசிரமத்தைச் சுற்றி மனை விலையும் வாடகையும் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாமல் போய்விட்டன. முதலாளித்துவத்துக்கு மாற்று என்பதெல்லாம் ஏட்டில் மட்டும்தானா?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: இல்லை, தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1968-இல் கீழ்வெண்மணியில் தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாளும் கணவர் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைக்கே போய்த் தங்கினார்கள். 1981-இல் 'லாஃப்டி' அமைப்பைத் தொடங்கி, நிலக்கிழார்களிடம் விலை பேசி, வங்கிக் கடனில் நிலம் வாங்கி, நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் பதிவு செய்தார்கள். குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர். பெண்ணின் பெயரில் என்பதுதான் இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவள் சம்மதமில்லாமல் அந்த நிலத்தை விற்க முடியாது.

உங்கள் சிக்கல் மனை. அதற்கு வினோபா பாவேயின் கிராமதான இயக்கம் இன்னும் நெருக்கமானது: நிலம் ஊருக்கு, உழும் உரிமை குடும்பத்துக்கு. அதிலிருந்தும் ஊக்கம் பெற்று, 1969-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கறுப்பின உரிமைப் போராளிகள் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற பொது நில அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். இன்று அமெரிக்காவில் பல நகரங்களில் வீடுகளுக்கும் அதே முறை உண்டு. மனை அறக்கட்டளையுடையது, வீடு குடியிருப்பவருடையது, விற்றால் வரம்புக்குட்பட்ட விலைதான். உங்கள் தெருவில் இன்னும் விற்காத மனைக்காரர்கள் சிலர் இருப்பார்கள். தரகர் அவர்களிடம் போவதற்குள், மனையை இப்படியோர் அறக்கட்டளைக்குத் தரும்படி நீங்கள் போய்ப் பேசுங்கள். அறக்கட்டளைப் பத்திரம் எழுதத் தெரிந்த வழக்கறிஞரையும் கூட அழைத்துப் போங்கள்.